சுண்டு விரல் கொடுத்த எல்லம்மாள்

எங்கள் ஊர் ரேஷன் கடை ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னத் தேங்காயெண்ணெய் சீசா எப்போதும் இருக்கும். இயந்திரத்தில் ரேகை விழாதவர்கள் அதில் ஒரு சொட்டு தொட்டு, விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தால் பல நேரம் விழுந்துவிடும். களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் வழுவழுத்துப் போன விரல்கள் எங்களுடையவை. சீசாவைக் கடைக்காரர்தான் வைத்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் அடி அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டு, கடை திறக்கும் முன்னே அந்தப் பக்கமாக வந்தேன். எல்லம்மாள் அக்கா முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்த கிண்ணத்திலிருந்து சீசாவை நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கிரிவலப் பாதை ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி விற்பவர் அவர். எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. எதைக் கேட்டாலும் கொடுப்பார், கைநாட்டு மட்டும் வைக்க மாட்டார். காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய அப்பா இருசப்பனிடம், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி ஒரு வெற்றுத்தாளில் இடது பெருவிரல் ரேகையை வாங்கினார்கள். ஏரிக்கரை நிலம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எட்டு வயது எல்லம்மாள் கையெழுத்துப் போட வைராக்கியமாகக் கற்றுக்கொண்டாராம். ரேஷன் கடையில் அரிசிக்காக விரல் வைக்கும்போதுகூட, "அண்ணாமலையாரே, இது அரிசிக்கு மட்டும்தான்" என்று வாய்க்குள் சொல்லுவார்.

போன வருஷம் ஆனி மாதம் குழுவில் பன்னிரண்டு பேரும் வேன் வைத்துக்கொண்டு, செங்கம் தாண்டி ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனோம். செயற்கை அலையாம், சறுக்குமரமாம். சந்தோஷமாகத்தான் போனோம். வாசலில் சீட்டு வாங்கியதும் பேர், ஊர், போன் நம்பர் கேட்டு, போட்டோ எடுத்து, விரலை வைக்கச் சொன்னார்கள்.

"தண்ணியில விளையாட இன்னாத்துக்குப்பா ரேகை?" என்று அக்கா கேட்டார்.

"வெளியில போயிட்டுத் திரும்ப வந்தா நீங்கதான்னு தெரியணும்ல. ஒருத்தர் சீட்டுல இன்னொருத்தர் வந்துடறாங்க" என்றார் வாசலில் நின்றவர்.

"கையில மையால ஒரு முத்திரை குத்தி அனுப்பு. போதாதா?"

"தண்ணியில அழிஞ்சிடும்மா. பின்னால கூட்டம் நிக்குது, வைங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எங்களில் ஒருத்தி, "நீ இன்னாக்கா, கிரயப் பத்திரத்துக்கா வைக்கிற?" என்று கேலி செய்தாள். அக்கா கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்தார். பிறகு சுண்டு விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே வந்ததும் என் காதில், "எந்தப் பத்திரத்துலயும் சுண்டு விரல் செல்லாது. வெச்சிகினு போவட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தன் சாமர்த்தியத்தில் அவ்வளவு திருப்தி.

அந்தச் சாமர்த்தியம்தான் வினையானது. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று எங்கள் புளிசோற்றுத் தூக்கை வேனிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். மதியம் எல்லோரும் வெளியே வந்து சாப்பிட்டோம். திரும்பும்போது வாசலில் வேறு ஆள். அவர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் பெருவிரலையும் தானே பிடித்து அழுத்தினார். அக்காவுக்குச் சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு.

"யார் சீட்டும்மா இது?"

"என்துதான். நான் சுண்டு விரல் வெச்சேன்."

"சுண்டு விரலா? யாராவது அத வைப்பாங்களா? ஓரமா நில்லும்மா."

நான் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். கணினித் திரை கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. சீட்டு நம்பரைத் தட்டியதில் அக்காவின் போட்டோ, பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. வரிசையில் நின்ற ஒருவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் யாரோ ஒரு மேலாளர் வந்து உள்ளே விட்டார். அக்கா அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவேயில்லை.

அடுத்த வாரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. "எல்லம்மாள் மேடமா? செங்கம் ரோட்டுல மனை இருக்கு." "எல்லம்மாள் மேடமா? உங்களுக்குக் குலுக்கல்ல பரிசு." வெள்ளரிக்காய் நறுக்குகிற கையோடு போனை எடுத்து எடுத்துச் சலித்துப்போனார்.

"நம்பர் போனா போவுது கஸ்தூரி, மாத்திக்கலாம். விரல மாத்த முடியுமா? அத நான் திருப்பி வாங்கணும்" என்றார்.

பூங்காவுக்கே பஸ் ஏறிப் போனோம். முதல் தடவை, "மெயில் அனுப்புங்க" என்று ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் மகள் ஆர்த்தி ஓசூரிலிருந்து அனுப்பினாள். பதிலே இல்லை. இரண்டாம் தடவை இளஞ்செழியன் என்ற அதிகாரியைப் பார்த்தோம். மரியாதையான பிள்ளைதான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது.

"அழிச்சிடலாம்மா. ஆனா நீங்கதான் எல்லம்மாள்னு மெஷினுக்குத் தெரியணும். பெருவிரல வைங்க."

"ரேகைய அழிக்கறதுக்கு ரேகை வைக்கணுமா?"

"ஆமாம்மா. ரூல்ஸ்."

"நான் வெச்சது சுண்டு விரல்."

"சிஸ்டத்துல பெருவிரல்னுதான் இருக்கு. அப்ப இது உங்க ரேகை இல்ல. உங்களுது இல்லாதத நான் எப்படி அழிக்கறது?"

"என் போட்டோ இருக்குதே சாமி, அதுல."

"போட்டோ செல்லாதும்மா."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்கா தன் பெருவிரலையே தேய்த்துக்கொண்டு வந்தார். அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு நெய் விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

மூன்றாம் தடவை போகும்போது அக்கா மஞ்சப்பையில் எங்கள் குழுவின் மைப்பெட்டியை எடுத்து வந்தார். கையெழுத்துத் தெரியாத உறுப்பினருக்காக வாங்கியது, மூடி துருப்பிடித்திருந்தது. வழியிலேயே அதில் மை ஊற்றிக்கொண்டார். இளஞ்செழியன் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, மைப்பெட்டியைத் திறந்தார்.

"அழிக்க முடியலன்னா பரவால்ல தம்பி. எல்லம்மாள் ரேகை எங்ககிட்ட இருக்கு, யாருக்கும் குடுக்க மாட்டோம்னு நான் அப்புறமா எழுதிக்கறேன். நீங்க கீழ பெருவிரல மட்டும் வையுங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வெத்துத்தாள்ல நான் எதுக்கும்மா ரேகை வைக்கணும்? நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் தம்பி நான் மூணு தடவையா பஸ் ஏறி வந்து கேக்கறேன்."

அறையில் இருந்த இன்னொரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் யாரிடமோ போனில் வெகு நேரம் பேசினார். வந்து, "சுண்டு விரலையே வைங்கம்மா" என்றார். பச்சை எரிந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பி, போட்டோ, பேர், நம்பர், ரேகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

"இரு தம்பி, பாத்துடறேன்" என்று அக்கா மறுபடியும் சுண்டு விரலை வைத்தார். சிவப்பு. இன்னொரு தடவை வைத்தார். சிவப்பு. ரேஷன் கடையில் அந்தச் சிவப்பு எரிந்தால் எத்தனை நாள் கண் கலங்கி நின்றிருக்கிறோம். அன்றைக்கு அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தத் தை மாதம் மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டார். பேருந்து நிலையத்துக்கு நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆர்த்தி இருக்கும் குடியிருப்பிலும் வாசலில் விரல் வைக்க வேண்டுமாம், அதை நினைத்து வழியெல்லாம் புலம்பினார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ரேஷன் கடையில வேற வழி இல்ல, வெச்சித்தான் ஆவணும். அந்த சீசாவுல எண்ண கம்மியா இருக்கும், நீ ஊத்தி வெச்சிடு. அன்னிக்குப் பாத்தியே, அதே சீசாதான். மத்த எடத்துல எவன் விரலக் கேட்டாலும், எப்ப அழிப்பன்னு கேட்டுட்டு நீட்டு."