குரங்குப் பனியனோடு குருவிக்குக் கைதட்டப் போனேன்

இன்று மகளின் பள்ளியில் என் மானம் போனது. போட்டுக்கொண்டு போன பனியனால்தான்.

எட்டாம் வகுப்புப் பட்டிமன்றம். அழிந்துவரும் உயிர்களில் முதலில் காப்பாற்ற வேண்டியது சிங்கவால் குரங்கையா, மலைச்சோலையில் பாடும் சிரிப்பான் குருவியையா? என் மகள் குருவிக் கட்சி. ஒரு வாரமாகச் சோறு தின்னும்போதும் அதே பேச்சு.

பனியன் கம்பெனிகள் நிறைந்த நம் ஊரில் டி-ஷர்ட்டும் பனியன்தான்; அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்தா போடுகிறோம்? எங்கள் கம்பெனியில் எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாதென்று கழித்த பீஸ் ஒன்று கைக்குக் கிடைத்தது. மாட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

குரங்குக் கட்சிப் பெண் என் நெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஏனுங்க டீச்சர், அவங்கப்பாவே எங்க கட்சிதானுங்க! குரங்குப் பனியன் போட்டிருக்காருங்க. பாவம், அதுக்கு வாலுகூட இல்லீங்க!"

குனிந்து பார்த்தேன். சிங்கவால் குரங்கேதான். அச்சில் வால் சரியாக விழாததால்தான் அந்தப் பீஸே ரிஜெக்ட். கூடமே சிரித்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் மகள் கண்கலங்கி நின்றாள். பிறகு மைக்கை இழுத்தாள்.

"வாலு போனாலும் குரங்குக்கு ஒரு பனியன் கிடைச்சிருக்குதுங்க. எங்க குருவியை எங்கப்பாகூட நெஞ்சுல வெக்கலீங்க. இப்பச் சொல்லுங்க, யாருக்கு ஆபத்து அதிகம்?"

பரிசு அவளுக்கே.

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பா, உங்க கம்பெனில குருவி போட்டு ஒரு பனியன் அடிக்கலாமுங்களா?"

"அடிச்சுட்டாப் போச்சு கண்ணு" என்றேன்.

பிரிண்டிங்கில் வேலை பார்க்கும் நான் வாய்க்குள்ளேயே விழுங்கிய சேதி இது: கறுப்புத் துணியில் குரங்குக்கு வெள்ளை ஒரே கலர் போதும். குருவிக்கு ஐந்தாறு கலர் வேண்டும், கலருக்குக் கலர் தனிச் செலவு. எங்கள் முதலாளி எந்தக் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.