தாய் மொழி படிக்கப் போனது

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், நான் அரியலூரில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கீழப்பழுவூரில் எங்கள் வீட்டுக்குத் தாய்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முகவரி மட்டும் ஆங்கிலத்தில். உள்ளே இரண்டு தாள் நிறைய, குட்டிச் சுழி வைத்த எழுத்துகள். சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது.

பெரியம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், உலகப்போருக்கு முன்பு மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். சயாம் என்று சொல்லப்பட்ட தாய்லாந்தில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனதாக, திரும்பி வந்த ஒருவர் சொல்லியிருந்தார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. பெரியம்மா தாலியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாரும் துணியவுமில்லை.

தபாலாபீஸிலும் கல்லூரியிலும் அதைப் படிக்க ஆளில்லை. தூதரகத்துக்கு அனுப்பலாம் என்றார் எங்கள் பேராசிரியர். பெரியம்மா ஒப்பவில்லை.

"போன மனுசனே வரல. இதையும் அனுப்பிட்டு நான் யாருகிட்டப் போயி கேப்பேன்?"

ஆகவே நானே இரண்டு தாளையும் பார்த்து வரைந்தேன். நான்கு நாள் ஆயிற்று. தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாய் மொழி கற்றுத்தருகிறார்கள் என்று பேராசிரியர் விசாரித்துச் சொல்ல, அங்கே அனுப்பினேன். ஒரு மாதத்தில் ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. சுழி உள்பக்கம் திரும்பினால் ஓர் எழுத்து, வெளிப்பக்கம் திரும்பினால் வேறோர் எழுத்து. நான் எல்லாவற்றையும் ஒன்றாகவே வரைந்திருந்தேனாம். 'அப்பா' என்ற சொல்லைத் தவிர உறுதியாக எதையும் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். கூடவே இரண்டு வருஷப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பத் தாள். பட்டம் பெற்ற யாரும் சேரலாம்.

அன்றே நிரப்பினேன்.

"தாய்மொழி படிக்க தில்லிக்கு எதுக்குப் போவணும்? அதான் வூட்ல பேசறோமே" என்று அப்பா சிரித்தார். அது ஒரு நாட்டின் பெயர் என்று விளக்கியதும் சிரிப்பு நின்றது. "பி.எட். படிச்சா டீச்சர் வேலை கெடைக்கும். இதப் படிச்சுட்டு யாருகிட்டப் பேசுவ?"

"மொதல்ல பெரியம்மாகிட்டப்பா."

பரீட்சை முடியும்வரை அவர் என்னோடு பேசவில்லை. கடைசியில் பெரியம்மாதான், "தம்பி, அவ போவட்டும்" என்றார். அண்ணி சொல்லை அப்பா தட்டியதில்லை.

வகுப்பில் ஐந்து பேர். 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் 'வா', இன்னொரு தொனியில் குதிரை, மற்றொன்றில் நாய். முதல் தேர்வில் ஆசிரியையை வரச் சொல்வதாக நினைத்து நாய் என்றேன். தோற்றேன். இருந்தது ஒரே பாடநூல். நூலகத்தில் உட்கார்ந்து அதை முழுதும் நோட்டில் எழுதினேன். விடுதி மொட்டைமாடியில் தினமும் காலை ஒரு மணி நேரம் தனியாகக் கத்தினேன். அடுத்த தேர்வில் தேறினேன்.

கோடை விடுமுறைக்கு ஊர் வந்ததும் அகராதியோடும் கடிதத்தோடும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மதியம் முடித்தேன். களத்திலிருந்து வந்த அப்பாவிடம் முதலில் சொன்னேன். எழுதியவள் பெரியப்பாவின் மகள். அவர் அங்கே ஒரு பெண்ணை மணந்திருந்தார், அவளும் இறந்துபோயிருந்தாள். எழுதத் தெரியாதவர் என்பதால் ஊர்ப் பெயரையும் தம்பி பெயரையும் மகளுக்கு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ஊரில் ஒருத்திக்குத் தவறு செய்துவிட்டேன், அவளிடம் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டு இறந்திருந்தார்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "நல்லாருக்காருன்னு மட்டும் சொல்லிடு. இத்தன வருசம் ஓட்டிட்டாங்க" என்றார்.

"பொய் சொல்றதுக்கு நான் தில்லி போயிருக்க வேணாம்ப்பா. போன வருசமே சொல்லியிருக்கலாம்."

பெரியம்மாவுக்கு வரிவரியாகப் படித்தேன், முதலில் அந்த மொழியில், பிறகு தமிழில். எதையும் விடவில்லை. அவர் கடிதத்தை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு ஆத்தாளும் இல்லயா?"

"இல்ல பெரியம்மா."

"கூட யாரு இருக்கா?"

"அது இதுல இல்லிங்க."

"கேட்டு எழுது."

மறுநாள் காலை தாலியைத் தானே கழற்றினார். சடங்கு செய்ய வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். பொட்டை எடுக்கவில்லை. "இது அவரு வச்சதில்ல. பொறந்ததுலேர்ந்து இருக்கறது" என்றார்.

நான் தாய் மொழியில் எழுதிய முதல் கடிதம் அன்றுதான் போனது. பிழைகள் இருக்கும் என்று தெரிந்தே அனுப்பினேன். பதில் தீபாவளிக்கு முன் வந்தது: கணவன், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் நெல் வயல்.

பட்டயத்தை முதல் வகுப்பில் முடித்தேன். பி.எட்.டும் படித்து பெரம்பலூரில் ஆசிரியையானேன். பெரியம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் எட்டு வருஷம் கடிதம் எழுதியது நான்தான்.