சாம்பல் நிறப் பையின் படம்

அந்தக் கட்டடத்தில் அவளைப் பையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் மாட்டும் துணிப்பைகளைத் தைத்து, இணையக் கடை ஒன்றில் விற்கிறாள். தையலில் ஒருவரும் குறை சொன்னதில்லை. நிறத்தில்தான் வம்பு வந்தது. 'படத்தில் மணல் நிறம், வந்திருப்பது சாம்பல் நிறம்' என்று ஒரே மாதத்தில் மூன்று பைகள் திரும்பி வந்துவிட்டன. இன்று மாலை நான்கு மணிக்குள் பன்னிரண்டு வகைப் பைகளுக்கும் சரியான படம் ஏற்றாவிட்டால் அவளுடைய பக்கத்தையே மூடிவிடுவதாகக் கடையிலிருந்து செய்தி.

காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தையல் மேசையைக் கூடத்து ஜன்னலுக்கு இழுத்தாள். சாம்பல் பையைப் படம் எடுத்தாள். மணல் நிறம். அடுப்படி ஜன்னலுக்கு இழுத்தாள். அதே மணல். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக் கற்றது. நூல் அறுகிறதே என்று ஊசியையும் நூலையும் ஒன்றாக மாற்றினால், கெட்டது எது என்று கடைசிவரை தெரியாது. ஆகவே வெளிச்சத்துக்கு அப்புறம் போன். நாத்தனாருடைய போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"அண்ணி, மேசை வீட்டை நாலு சுத்து சுத்திடுச்சு. பையைப் படம் பிடிக்கிறீங்களா, பேயை ஓட்டுறீங்களா?"

"வாய் பேசுற நேரத்துல அந்தத் திரையை இழுத்து விடு."

அந்தப் போனிலும் மணல்தான். மீதி ஒன்றே ஒன்று: பைக்கு அடியில் விரித்திருந்த படுக்கை விரிப்பு. அவள் கணவர் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். அவர் கையால் வெளுத்த வெள்ளையைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது வேறு வழியில்லை. பார்சலோடு வைக்கும் வெறும் வெள்ளைத் தாள்களில் நாலை ஒட்டி, அதன்மேல் பையை வைத்து எடுத்தாள்.

சாம்பல்.

விரிப்பைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தாள். லேசாக நீலம் பாரித்திருந்தது. அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய போன், பையிலிருந்தும் நீலத்தைக் கழித்து, சாம்பலை மணலாக்கியிருக்கிறது.

காலை ஷிப்ட் முடிந்து கணவர் வரும்போது மணி இரண்டு.

"என்னங்க, வருத்தப்படாதீங்க. விரிப்புதான் காரணம்."

"என் விரிப்பா? இந்தக் கட்டடத்துல இதைவிட வெள்ளை எவன் வீட்ல இருக்கு?"

அவள் விரிப்பையும் தாளையும் ஜன்னலோரம் வைத்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வேலையில வாளிக்கு அஞ்சு சொட்டு நீலம் விடுவோம்," என்றார். "வீட்டுத் துணிக்கு எட்டு விடுவேன். நல்லா இருக்கட்டும்னு."

"சொந்த வீடுன்னா எங்கண்ணனுக்குக் கை தாராளம்," என்றாள் நாத்தனார்.

பிறகு அவரே தாள்களை மேசையில் ஒட்டிக் கொடுத்தார். வானம் மூடி மூடித் திறந்தது. மேகம் விலகும்வரை பையக்கா கடிகாரத்தைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், மறுபடி கடிகாரம். ஆனாலும் போன் திரையையும் பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒரு படத்தையும் ஏற்றவில்லை.

கடைசியாகச் சாம்பல் பை.

"பழைய படத்துல பளிச்சுனு இருந்துச்சே அண்ணி. இதைப் பார்த்து யாரு வாங்குவா?"

"சாம்பல் கலர் வேணுங்கிறவ வாங்குவா."

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசிப் படம் ஏறியது. சற்று நேரத்தில் பதில் வந்தது. படங்கள் சரி, பக்கத்தை மூடவில்லை.

கணவர் அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. விற்றவற்றின் பட்டியலைத் திறந்தாள். சாம்பல் பை வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். திருப்பி அனுப்பியவர்கள் மூன்று பேர்.

"மீதிப் பத்தொன்பது பேரும் பேசாம வெச்சுக்கிட்டாங்களே!"

"விடேன். கேட்காதவங்கள எதுக்குக் கிளறுற? வந்து சாப்பிடு."

"மணல்னு நினைச்சுத்தானே வாங்கியிருப்பாங்க?"

ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே, பட்டியலின் முதல் பெயருக்கு அவள் எழுதத் தொடங்கினாள்: 'நீங்கள் வாங்கிய பையின் படம் தவறாக இருந்தது. பை வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.'