படுத்த சட்டமும் நின்ற சட்டமும்

கருவேப்பிலங்குறிச்சியில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையை விட்டுவிட்டு விருத்தாசலம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரியோடு சண்டை ஒன்றுமில்லை. ஒரே ஊரில் ஒரு மாதம் ஆனால் எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். காலையில் சாப்பிடவில்லை. தாகம்தான் அதிகமாக இருந்தது.

ஊர் எல்லையில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. வாசலில் சுடாத பொம்மைகள் உடைந்து குவிந்து கிடந்தன. உள்ளே போய்த் தண்ணீர் கேட்டேன். பட்டறைக்கார அக்கா சொம்பை நீட்டினார்.

"பரணு நடுவுல தொங்கிப்போச்சுப்பா. காயவெச்சதெல்லாம் சரிஞ்சு வுழுந்துடுச்சு. நாளைக்கு மிச்சத்த ஏத்தணும். இன்னொரு வாட்டி வுழுந்துதுன்னா கொலு ஆர்டரு கைய வுட்டுப் போயிடும்."

புதுப் பரணுக்கு, மூன்றங்குலத்துக்கு மூன்றங்குலச் சட்டங்களை அங்கே வேலைக்கு வந்திருந்த தச்சர் எடுத்து வைத்திருந்தார். பழைய பரணில் இருந்தவை நாலுக்கு ரெண்டு. அவற்றை அகலப் பக்கம் கீழாகப் படுக்கப் போட்டிருந்தார்கள் என்பது ஆணி அடித்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, பழசையே நிறுத்தி வெச்சா புதுச விட நல்லா தாங்குங்க."

"ஒல்லிக் கட்ட எங்க தாங்கும்?" தச்சர் சிரித்தார். "யாருக்கா இவரு, இன்ஜினியரா?"

"ஏழாவதோட நின்னுட்டேங்க. படுக்கப் போட்ட சட்டத்து மேல நின்னுதான் ரெண்டு பல்லு போச்சு."

பார்த்துவிடலாம் என்றார் அக்கா. பத்தடி இடைவெளியில் இரண்டு கல்மேடை அடுக்கி, தொய்வை அளக்க நூல் கட்டி, ஒவ்வொரு சட்டத்தின் நடுவிலும் இருபது செங்கல் வைப்பதாக ஏற்பாடு. நாலுக்கு ரெண்டு படுத்தபடி இரண்டு விரல் இறங்கியது. மூணுக்கு மூணு ஒரு விரலுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு நாலுக்கு ரெண்டை நிறுத்தினோம். பதினைந்தாவது கல்லில் சட்டமே புரண்டது. தச்சர் துள்ளிக் குதித்துக் கால் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டார்.

"நல்லா தாங்குச்சுய்யா ஒன் கட்ட!"

என் முகம் சிறுத்துப்போனது. தச்சரே, புரளாமல் இருக்க, இரண்டு முனையிலும் சட்டத்தை ஒட்டி இருபுறமும் சிறு கட்டை அடித்தார். திரும்பவும் அடுக்கினோம். இருபது கல்லுக்கு அரை விரல்தான்.

தச்சர் குனிந்து நூலை இரண்டு முறை பார்த்தார். "மரமும் இதுல கம்மிதான். ஒத்துக்குறேன்."

மாலைக்குள் பழைய சட்டங்களை நிறுத்திப் பரணைக் கட்டி முடித்தோம். அக்கா எனக்கு இட்லி வாங்கி வந்தார்.

"கட்டைய நிக்க வெச்சுட்ட. நீ நிப்பியாப்பா? ஏத்தி எறக்க ஆளு வேணும்."

"கொலு வரைக்கும் நிப்பேங்க."

"நம்பாதக்கா," என்றார் தச்சர். "இவனுக்கும் ரெண்டு பக்கமும் கட்ட அடிச்சுடறேன்."

சாக்கு விரித்து அங்கேயே படுத்தேன். மறுநாள் காலை பொம்மை ஏற்றும் வேலை. கனமான பிள்ளையார்களை ஓரமாக வைக்கப் போனேன். கீழே நூலைப் பார்த்தபடி நின்ற தச்சர் கத்தினார்:

"நடுவுல வையிய்யா!"