துடைத்த வெயில்

எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் எதிர்வீட்டு அண்ணன் முதலில் "ஹா" என்று ஊதுவார். படர்ந்த ஆவியைச் சட்டை நுனியால் வட்டமாகத் துடைப்பார். தலையைச் சாய்த்து ஓரப்பார்வை பார்ப்பார். மிஞ்சிய புள்ளியைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்டுவார். உயரக் கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவர் பிழைப்பு. ஒருமுறை பேருந்தில் என் மூக்குக்கண்ணாடியையே, கழற்றாமல், துடைத்துவிட்டார். 

அவருடைய நாலு வயது மகளுக்குக் கால் வில்லாக வளைந்தபோது, வைட்டமின் டி போதவில்லை என்றார் டாக்டரம்மா. சொட்டு மருந்து எழுதினார். வெயிலும் படட்டும் என்றார். வெயிலுக்கு எங்கே போவது? முற்றம் முழுக்கக் கார்கள், சுற்றிலும் அடுக்குமாடிகள். அவர்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் காலையில் முக்கால் மணி நேரம் விழும்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா?" என்று மருந்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தார் அண்ணன். மூன்று மாதம் தினமும் ஜன்னலைப் பளபளவென்று துடைத்து, மூடி, அதன் பின்னால் குட்டியை உட்கார வைத்தார்.

மறு பரிசோதனையில் அளவு துளியும் ஏறவில்லை. துணைக்கு நானும் போயிருந்தேன்.

"வெயில் கண்ணாடி வழியா வந்தா பிரயோஜனம் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா.

"என் கண்ணாடியில அழுக்கா?" அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அழுக்கு இல்ல. கண்ணாடியே அந்தக் கதிரைத் தடுத்துடும். சொட்டு மருந்து குடுக்கிறீங்கதானே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றே ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டார். "அப்படியே கதவையும் கழட்டிடுங்க, நிலாவும் வந்து படுத்துக்கட்டும்" என்றார் அண்ணனின் மனைவியான அக்கா.

மறுநாள் குட்டியை வெயிலில் உட்கார வைத்துவிட்டு, வெறும் சட்டத்தில் "ஹா" என்று ஊதினார். காற்றை வட்டமாகத் துடைத்தார். தலையைச் சாய்த்தார்.

"அப்பா, அங்க ஒண்ணுமே இல்ல."

"அப்பா துடைச்சா அப்படித்தான் இருக்கும்."

மழையில் கட்டில் நனைந்தது; புறா ஒன்று குடிவந்தது. அண்ணன் அசரவில்லை. அடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருந்தது. சில மாதங்களில் குட்டி மாடிப்படியை ஓடியே ஏறினாள். அண்ணன் அலமாரி பாட்டிலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "பாரு தம்பி, சீல்கூட உடைக்கல. எல்லாம் வெயில்!"

பிறகொரு நாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் கூடவே ஒரு சின்னப் பாட்டிலையும் நீட்டினார்.

"எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க. குட்டிக்கு மாசாமாசம் வாங்குற சொட்டு மருந்துதான். அண்ணன் கண்ணுல மட்டும் படக்கூடாதாம்."