பேனரில் என் முகம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் கூலியாக லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஜிம். அதன் முதலாளி சென்னையில் ஃபிட்னஸ் ரேஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் ஜிம்மின் சுவர்க் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் பச்சைக் கம்பளம் விரித்தார். ரேஸ் இதுதான்: ஓட வேண்டும், மணல்மூட்டை சுமக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும், ஸ்லெட் என்று எடை ஏற்றிய, சக்கரமில்லாத இரும்புச் சட்டம் ஒன்றைத் தள்ள வேண்டும். பகலில் நான் கூலிக்குச் செய்ததை மாலையில் ஆபீசர்கள் கட்டணம் கட்டிச் செய்தார்கள்.

அங்கே போய்வந்த எங்கள் கம்பெனி மேனேஜருக்கு ஜோடி ரேஸில் சேர்ந்து ஓட ஆள் தேவைப்பட்டது. லோடு ஏற்றும் இடத்துக்கே வந்து, சந்தையில் மாடு பிடிக்க வந்தவரைப் போல என் தோளை அழுத்திப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரேஸில் கடைசியாக ஸ்லெட். பாதித் தூரத்தில் யாரோ குதிகாலுக்கு மேல் உதைத்தது போலிருந்தது. திரும்பினேன். யாருமில்லை. அப்படியே விழுந்தேன்.

"எந்திரிப்பா. ரெண்டு பேரும் சேந்து முடிச்சாதான் மெடல்."

"கால் ஊனவே முடியல சார்."

"இன்னும் கொஞ்சம்தான்" என்று அக்குளில் கைகொடுத்து இழுத்தார். நொண்டி, தவழ்ந்து, முடித்தேன். மெடலோடு போட்டோ எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. குதிகால் நரம்பு அறுந்துவிட்டதாம். கம்பெனி என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டது. அந்த ஆர்டரில் மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டார்.

ஊன்றுகோலோடு முதல்முறை வெளியே வந்த அன்று ஜிம் வாசலில் பேனரைப் பார்த்தேன். தரையில் கிடந்து வாய் பிளந்து கத்தும் என் முகம். கீழே, 'வலியை வெல்லுங்கள்'. உள்ளே போய் முதலாளியிடம் கேட்டேன்.

"அத்த எடுத்துடுங்கண்ணே. என் ஊட்டுக்காரி டெய்லி இந்த வழியாத்தான் வேலைக்குப் போறா."

"இன்னாபா நீ? அதப் பாத்துதான் புதுசா ஜனம் வருது. சிரிக்கிற மூஞ்சிய எவன் பாப்பான்?"

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கால் எப்படி இருக்கு?" என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை. ஸ்லெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவனைக் காட்டினார். "லோடிங்ல உன் எடத்துக்கு வந்த ஆளு. உன்னவிட வேகம். இந்த வாட்டி நல்ல டைம் வரும்."

"சந்தோசம் சார்" என்றேன். அவர் எதிரில் வேறு எதுவும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, பெருமையாகச் சிரித்தான்.