மச்சான் கேட்டும் தராத பாஸ்வேர்டு

1993-இல் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவனாகத் தொழிலைத் தொடங்கினேன். படிப்பு நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் எந்த எழுத்தையும் அச்சு மாதிரி வரைவேன். அந்த ஒரு பிரஷ்ஷை வைத்துச் சுவர் விளம்பரம் பிடித்தேன், இடம் வாங்கினேன், கடை கட்டினேன். பிளெக்ஸ் பேனர் வந்து பெயிண்டர்கள் எல்லாம் தலையில் கை வைத்தபோது, அந்த மிஷினையே கொண்டுவந்து என் கடையில் இறக்கினேன். பிறகு விழுப்புரத்தில் இன்னொரு கடை திறந்து, என் மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை, கூட்டாளியாக்கி உட்கார வைத்தேன். அவர் டிகிரி படித்தவர். இதில் எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது 2016-இல் திண்டிவனம் கடையில் நடந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, கம்ப்யூட்டர் சப்ளை செய்கிறவர் புதுச்சேரியிலிருந்து ஆன்டி-வைரஸ் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு வகை, வியாபாரத்துக்கு ஒரு வகை. வீட்டு வகை விலை குறைவு. வைரஸைப் பிடிப்பதில் இரண்டும் ஒன்றுதான் என்று அவரே சொன்னார்.

"அப்புறம் இன்னாத்துக்கு மாமா தண்டச் செலவு? வீட்டுதே போதும்" என்றார் மச்சான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "வேலை செய்யறவன் இதை அணைக்க முடியுமா?"

வீட்டு வகையை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரே அணைக்கலாம், வியாபார வகைக்கு முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும் என்றார் சப்ளைக்காரர். எனக்கு அது போதும். பேனர் வெட்டும் மிஷினில் விரலுக்குக் காப்பாக ஒரு தகடு உண்டு. முகூர்த்த நாள் அவசரம் வந்தால் ஆட்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். நம் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பென் டிரைவை நீட்டி, "ஜல்தி, வண்டி நிக்குது" என்பார்கள். ஆன்டி-வைரஸ் அதைச் சோதிக்க நேரமாகும். அணைக்க முடிந்தால் அணைத்துவிடுவார்கள்.

"நாலாங் கிளாசு படிச்சிட்டு பாஸ்வேர்டு வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க மாமா?" என்று மச்சான் சிரித்தார். என் கடைக்கு வியாபார வகை, அவர் கடைக்கு வீட்டு வகை என்று முடிந்தது. பாஸ்வேர்டாக, நான் முதன்முதலில் எழுதிய லாரியின் நம்பரைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் மாட்டுவண்டி மாதிரி போகிறது என்று பேனர் வடிவமைக்கும் என் கடை டிசைனர் தினமும் முனகினார். முனகட்டும் என்று விட்டேன்.

சம்பவத்தன்று காலை, மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண்ணும் அவர் அண்ணனும் வந்தார்கள். கடலுக்குப் போன அவருடைய கணவர் இறந்துவிட்டார். உடல் கிடைத்துவிட்டது. போன் கிடைக்கவில்லை, படமெல்லாம் அதிலேயே போய்விட்டது. சாயங்காலம் எடுக்கிறார்கள், அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும்.

"போன வருசம் என் நாத்தனார் புள்ள காதுகுத்துக்கு உங்ககிட்டதானே பேனர் அடிச்சோம்" என்றார் அந்தப் பெண். "தாய்மாமன்னு வட்டத்துக்குள்ள போட்டீங்களே, அது அவருதான். சிரிச்சிக்கினு இருப்பாரு. அதையே போடுங்க. வேற படம் இல்லீங்க."

பேனர் கடைக்காரனுக்கு இது தெரிந்த சங்கதி. சுபகாரியத்துக்குத் தருகிற படம்தான் பாதிப் பேருக்குக் கடைசிக் காரியத்துக்கும் உதவுகிறது. டிசைனர் தேடத் தொடங்கினார்.

அப்போது மச்சான் வேர்த்துக் கொட்டியபடி உள்ளே வந்தார். விழுப்புரம் கடையில் கம்ப்யூட்டர் முழுக்கப் பூட்டிக்கொண்டது. எந்தப் படமும் திறக்கவில்லை, பணம் கட்டினால்தான் திறக்கும் என்று திரையில் மிரட்டல். கூட்டத்தில் அவருடைய ஆள் ஆன்டி-வைரஸை அணைத்துவிட்டு ஒருவரின் பென் டிரைவைப் போட்டிருக்கிறார். மச்சான் கையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. மறுநாள் கல்யாணத்துக்கான டிசைன் அதில் இருக்கிறதாம். எங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டரில் அவரே செருகினார். சிவப்புப் பெட்டி ஒன்று வந்து தடுத்தது.

"மாமா, ஒரு அஞ்சு நிமிசம் அணைச்சி வைங்க. டிசைனை எடுத்துட்டு மறுபடி போட்டுக்கலாம்."

"முடியாது."

"பொண்ணு வீட்டுக்காரன் கடைவாசல்ல குந்திக்கினு இருக்கான். இன்னா பேஜாரு தெரியுமா? பாஸ்வேர்டையாவது குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"மச்சான், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வயர்ல இருக்குது. இதுல பூந்தா அதுலயும் பூந்துடும். அந்தம்மா புருசன் அதுலதான் இருக்காரு."

"அக்காவுக்காகத்தான் உங்ககூட இத்தினி வருசம் மல்லுக்கட்டிக்கினு இருக்கேன்" என்று கத்தினார். டிசைனர்கூட என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு புரிந்ததா, தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் காதுகுத்து பேனர் திறந்தது. வட்டத்துக்குள் அவர் இருந்தார், சிரித்துக்கொண்டு. மிஷினிலிருந்து முகம் நெற்றியிலிருந்து தொடங்கி மெதுவாக இறங்கி வந்தது. "மை காயலம்மா, தொடாதீங்க" என்றார் டிசைனர். அதற்குள் அந்தப் பெண் தொட்டுவிட்டார். விரலில் ஒட்டிய மையை அவர் துடைக்கவில்லை.

மச்சானின் கல்யாண டிசைனை என் டிசைனரே உட்கார்ந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பின்னர் அந்தப் பென் டிரைவைச் சப்ளைக்காரர் பார்த்தார். விழுப்புரத்தை முடக்கிய அதே வைரஸ் அதில் இருந்தது. விழுப்புரம் கடையில் இருந்த பழைய படங்கள் போனது போனதுதான். அதன்பின் அங்கேயும் வியாபார வகை வந்தது.

இப்போது தொழில் செய்கிறவர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம், "நாங்க அப்பவே யோசிச்சி வியாபார வகையைத்தான் போட்டோம்" என்கிறார் மச்சான். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் இத்தனை ஊர்க்காரர்களின் முகம் என் பொறுப்பில் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். அதனால் இந்தக் கதையை யார் சொன்னாலும், அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தவனும் சொந்த மச்சான் கத்தியும் திறக்காதவனும் நாலாம் வகுப்பு படித்த நான்தான் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.